வியாகுலம்மாள் மீனில்லாமல் கூவினாள்

நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்த மூன்றாம் நாள், என் அக்கா வியாகுலம்மாள் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, பிழைப்பேனா என்பதல்ல. "எனக்க நெஞ்செலும்ப எதுகொண்டு கெட்டினிய?" என்றுதான் கேட்டாள். கம்பி என்றார் டாக்டர். "என்ன கம்பி? துருப்பிடிக்குமா? எத்தன கெட்டு?" என்று இவள் விடவில்லை. கடைசியில் அந்த நல்ல மனிதர் எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேலிருந்து கீழாக ஆறு முடிச்சு. அக்கா விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "நல்லா இறுகித்தான் கெடக்கு" என்று அவருக்கே சான்றிதழ் கொடுத்தாள். என்னால் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான் பனியம்மாள். அவளுக்கு ஆறு வயது இளையவள். முப்பது வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் கடற்கரை ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பெற்றவளை எத்தனை நாள் படுக்க வைப்பது, எப்போது குளிப்பாட்டுவது, என்ன கொடுப்பது என்று என்னிடம்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவேன், அது என் குணம். அக்கா விஷயத்தில் நடந்த பெரிய தப்பு என்னுடையது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

அக்காவுக்கு அறுபத்தேழு வயது. நாற்பது வருஷமாக மீன் விற்கிறாள். கரையிலிருந்து மீன்வண்டியில் புதுக்கடை வரை போய், அங்கிருந்து அலுமினியச் சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக நடப்பாள். அவள் மீன் விற்பது பாதி, விசாரிப்பது பாதி. ஒரு வீட்டில் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினைப் பார்த்துவிட்டால் போச்சு. சருவத்தை இறக்கி வைத்துவிட்டு, ரப்பர் பால் எப்படி உறைகிறது என்று கேட்டு முடிக்காமல் நகரமாட்டாள். ஒரு வாத்தியாரிடம், "இத்தன ஆறு வந்து விழுது, கடலுக்கு உப்பு என்னத்துக்குக் குறையல்ல?" என்று கேட்டு, அவர் பதில் சொன்ன பிறகும் ஒரு வாரம் அவரைக் குடைந்திருக்கிறாள். அடுத்த வீடுகளில் பெண்கள் சட்டியோடு காத்து நிற்பார்கள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அவளுக்கு ஒரே மகன், டெல்வின். ஆழ்கடல் போட்டில் தொழில். போனால் நாற்பது, நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் கரை. இந்தத் தடவை அவன் போன ஐந்தாம் நாள், புதுக்கடைச் சந்தையில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று இடத்தில் அடைப்பு, காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து இதயத்தில் வைத்துத் தைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். டெல்வினின் மனைவி ஜின்சி அழுதுகொண்டே போனை எடுத்தாள், எப்படியாவது போட்டுக்குத் தகவல் சொல்ல. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்குச் சொல்லப்பிடாது, கேட்டியா மக்கா. யாரும் சொல்லப்பிடாது."

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் அண்ணன் ஏசுஅடிமை நடுக்கடலில் இருக்கும்போது, மதினிக்குச் சுகமில்லை என்று தகவல் போனது. கரைக்குத் திரும்புகிற இன்னொரு போட்டில் ஏறிவிடலாம் என்று அவசரப்பட்டுத் தாண்டினான். இரண்டு போட்டுக்கும் நடுவில் விழுந்தான். மதினி எழும்பிவிட்டாள், அண்ணன் வரவில்லை.

"அவன் வரும்போ நான் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துல எப்பவும்போல நிப்பேன்," என்றாள் அக்கா. "நின்னுகிட்டே நான் சொல்லிக்கிடுதேன். படுத்துக் கெடக்கத அவன் பாத்தான்னா, இனி கடலுக்குப் போனாலும் அவனுக்க மனசு கரையிலதான் கெடக்கும். அதுதான் எனக்குப் பயம். அதுக்குள்ள என்னைய நிக்க வைக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க."

ஆக, ஆபரேஷனுக்குப் போகும் முன்பே அவளுக்கு ஒரு தேதி இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண் ரெஜிஷா, குழித்துறைக்காரி. மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கணீர் என்றிருக்கும். ஆபரேஷன் முடிந்த மறுநாளே அக்காவை ஒருக்களிக்க வைத்து, எழுப்பி, கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார வைத்துவிட்டாள். அதற்கடுத்த நாள் நிற்க வைத்தாள். மூன்றாம் நாள் வராந்தாவில் பத்து எட்டு நடக்க வைத்தாள். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, குழாய் வழியாக மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே ஏற்றச் சொன்னாள். முந்தாநாள் நெஞ்சைப் பிளந்த ஒருத்தியை இப்படியா பாடுபடுத்துவார்கள்? அடுத்த ஆளுக்குக் கட்டில் காலியாக வேண்டும், அதற்குத்தான் இந்த அவசரம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ரெஜிஷா வீட்டுக்குச் சொல்லி அனுப்பிய எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தவளுக்கே நாற்பது நாள் படுக்கை என்றால், நெஞ்சைக் கிழித்தவளுக்கு எத்தனை நாள்? உள்ளறையில் கட்டிலைப் போட்டேன். கடற்காற்று படக்கூடாது என்று ஜன்னலை அடைத்தேன். பூண்டும் நல்லமிளகும் தட்டிப்போட்டு ரசம். சுடுவெள்ளத்தில் துணி நனைத்து ஒத்தடம். சோறு ஊட்டுவதும் நானே, படுக்கையிலேயே பாத்திரம் வைத்து எடுப்பதும் நானே. பந்து டப்பாவைத் தூக்கி அலமாரிக்கு மேலே போட்டேன்.

"ஏட்டி பனி, ஆஸ்பத்திரியில நடக்கத்தானே சொன்னாவ?" என்பாள் அக்கா.

"அவியளுக்கு என்ன? நீ விழுந்தா நான்தானே பாக்கணும். மிண்டாம கெட."

"நான் என்ன பிள்ளையா பெத்துக் கெடக்கேன்?"

"வெட்டு வெட்டுதானே! அதுல என்ன பேதம்?"

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆர்லிக்ஸும் ஆரஞ்சும் கொண்டுவந்து, அக்காவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "கொடுத்து வச்சவ, தங்கச்சி எப்படிப் பாக்குதா பாரு" என்று சொல்லிப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்காம் நாளிலிருந்து அக்கா கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். அதைக்கூட நான், ஆள் அடங்கிக் குணமாகி வருகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலையில் அவள் உதடு கருத்திருந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இளைத்தாள். உடம்பு தீயாகக் கொதித்தது. ஜின்சி அலறிக்கொண்டு ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள்.

நுரையீரலின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் சுருங்கிப்போய், சளி கட்டி, காய்ச்சல் வந்துவிட்டது என்றார் டாக்டர். ரெஜிஷா என்னை வராந்தாவுக்கு அழைத்தாள்.

"ஆன்டி, எத்தன நாளு படுக்க வச்சிய?"

"எட்டு."

"எட்டு நாளும் எழும்பவே இல்லியா? பாத்ரூமுக்குக்கூட?"

"பாத்திரம் வச்சேன்," என்றேன். அப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். "அவங்கள நல்லாத்தான் பாத்திருக்கிய. ஆனா இப்பிடிப் பாத்தா அவங்க பிழைக்கமாட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நான் கழிப்பறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு அழுதேன். என் கையாலேயே, ஊட்டி ஊட்டியே, என் அக்காவைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்த அக்கா ரெஜிஷாவிடம் விரலை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். "படுத்துக் கெடந்தா... மூச்சுப்பை என்னத்துக்கு... சுருங்குது?"

நெஞ்சு வலிக்குப் பயந்து மேலாக மேலாக மூச்சு விட்டால், அடியில் இருக்கிற சின்னச் சின்ன அறைகளுக்குக் காற்று எட்டாது, மூடிக்கொள்ளும், சளி தங்கும் என்று ரெஜிஷா விளக்கினாள். எழுந்து நடந்தால் மூச்சு தானாக ஆழமாகும். காலில் ரத்தம் கட்டாமல் கால்சதை அதை மேலே தள்ளும். இதயத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடுத்தால்தான் பலம் வரும்.

அக்கா அதை யோசித்துப் பார்த்தாள். "அப்பம் சுறாவுக்க கதைதான். ஓடாம நின்னா சுறாவுக்கு மூச்சு முட்டும்ன்னு எனக்க மவன் சொல்லுவான்."

"சில சுறாவுக்கு அப்படித்தான்," என்று சிரித்தாள் ரெஜிஷா.

மறுபடி கேள்வி வந்துவிட்டது என்பதைக் கண்டபோது எனக்கு உயிர் வந்தது. ஆனால் நாளை எண்ணிப் பார்த்தால், அவளை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவரும்போது டெல்வின் கடலுக்குப் போய் இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது பதினேழோ பதினெட்டோ நாள். அக்காவோ கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்தாள்.

இந்தத் தடவை ரெஜிஷா சொன்னது ஒவ்வொன்றையும் நான் அங்கன்வாடி நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். கையை ஊன்றி எழும்பக்கூடாது, ஒருக்களித்துக் காலைத் தொங்கவிட்டு எழும்ப வேண்டும். இருமல் வந்தால் மடித்த துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். எலும்பு ஒட்ட மூன்று மாதம் ஆகும், அதுவரை ஒரு பெரிய தேங்காய்க்கு மேல் எடை தூக்கக்கூடாது. தினமும் நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே உட்கார வேண்டும். எவ்வளவு வேகம் என்று கேட்டதற்கு, "பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு முறிஞ்சா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லியிருந்தாள்.

எங்கள் தெருவில் அக்கா வீட்டிலிருந்து தெருக்கோடியில் சிலுவை நிற்கிற குருசடி வரை முப்பத்தோரு வீடு. முதல் நாள் இரண்டு வீடு தூரம் போனோம். மறுநாள் மூன்று. ஊர் சும்மா இருக்குமா? தங்கச்சி எப்படிப் பாக்குதா என்று என்னைப் புகழ்ந்த அதே வாய்கள், "ஏட்டி பனியம்மா, சொந்த அக்காவத் தெருவுல இழுத்துப்போட்டுக் கொல்லுதியா?" என்று கேட்டன. ஒருத்தி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். இன்னொருத்தி சாயா போட்டு வைத்துக்கொண்டு, உட்கார்ந்து குடித்தால்தான் ஆச்சு என்று வழி மறித்தாள். "படுக்க வச்சுக் கொல்லப் பாத்தது நான்தான். இப்ப நடத்திப் பிழைக்க வைக்கேன். வழிய விடுங்கட்டி!" என்று நான் போட்ட சத்தத்தில் ரெண்டு வீட்டுக் கதவு அடைபட்டது.

ஐந்தாம் நாள் ஒரு சிக்கல் வந்தது. பேசிக்கொண்டே நடக்க வேண்டுமே, ஆனால் பேசியது முழுக்க நான்தான். அக்காவுக்கு மூச்சு இருக்கிறதா முறிகிறதா என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அவள் நின்றாள்.

"நீ பேச விட்டாத்தானே நான் பேச? நீ மிண்டாம வா. நான் எனக்கத் தொழிலப் பாக்கேன்."

சொல்லிவிட்டு, தலையில் சருவம் இருப்பதுபோல நிமிர்ந்து, புதுக்கடை வீடுகளில் கூவுகிறபடி கூவினாள். "மீனேய்... சாளை மீனேய்..."

முதல் கூவல் பாதியில் முறிந்தது. நெஞ்சில் துண்டை அணைத்தபடி நின்று, வேகத்தைக் குறைத்து, மறுபடி கூவினாள். இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவது, மெலிந்திருந்தாலும் கடைசி வரை போனது. "இதுதான் எனக்க வேகம்," என்றாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில்.

அதற்குள் சட்டி சட்டியாகப் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஆண்கள் ஆழ்கடலுக்குப் போன வீடுகளில் கறிக்கு மீன் விலைக்குத்தான் வாங்க வேண்டும். "என்ன விலை வியாகுலம்மா? சாளை பச்சையா இருக்கா?"

"மீனில்ல மக்கா. மூச்சு எத்தன நீளம்ன்னு பாத்தேன்."

சிலுவைமுத்துவின் பெண்டாட்டிக்கு வந்ததே கோபம்! "தேங்கா அரைச்சு வச்சுட்டுல்லா ஓடி வாறேன்! எளவு, சட்டியத் தூக்கிட்டு வர வச்சுட்டியே!" என்று கத்திவிட்டு, தானே சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் எங்கள் தெருவில் மீனில்லாத மீன்காரி போனாள். நான்கைந்து நாள் கழித்து அதே பெண்கள் வாசலில் நின்று, "நேத்தைக்கு சாளையோட முறிஞ்சு போச்சு, இன்னைக்குக் கடைசி மீனேய் வரைக்கும் கேட்டுது" என்று எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். டெல்வின் கடலுக்குப் போன முப்பத்தேழாம் நாள் பதினான்கு வீடு. நாற்பத்திரண்டில் குருசடியைத் தொட்டுவிட்டாள்.

இதற்கிடையில் ஒருநாள் டெல்வின் போட்டிலிருந்து சாட்டிலைட் போனில் கூப்பிட்டான். பொய் சொல்ல வராமல் ஜின்சி போனை என் கையில் திணித்துவிட்டாள்.

"சின்னம்ம, அம்ம எங்க?"

"விக்கப் போயிருக்கா மக்கா."

அந்த நேரம் பார்த்து வெளியே அக்காவின் குரல். மீனேய்...

"அம்மைக்க சத்தம்தானே? நம்ம தெருவுலயா விக்குதா?"

"ஆமா, இப்பம் நம்ம தெருவுலயும் உண்டு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நாற்பத்தாறாம் நாள் காலை போட்டு கரைக்கு வருகிறது என்று தகவல் வந்தது. கைக்குழந்தையோடு ஜின்சி வீட்டில் நின்றுகொண்டாள். நானும் அக்காவும் ஆட்டோவில் போனோம். ஐஸ் லாரிகள் வழியை அடைத்திருந்ததால் ஆட்டோ துறைமுக வாசலிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து போட்டு அணையும் இடத்துக்கு முந்நூறு மீட்டராவது இருக்கும். மணலும் சகதியும், மீன்பெட்டியும், கயிறும். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

"கைய விடுட்டி. பாத்தான்னா சீக்காளின்னு அறிஞ்சுருவான்."

சேலையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள், தழும்பு தெரியாமல். இரண்டு இடத்தில் நின்றாள். இரண்டாவது தடவை ஒரு மீன்பெட்டி மேல் உட்கார்ந்தே விட்டாள். அவளே எழுந்தாள். போட்டு வந்து அணைந்தபோது, எல்லா அம்மாமாரையும்போல அவளும் முன்வரிசையில் நின்றாள். நிமிர்ந்து நின்றாள். அவள் சொன்னபடியே செய்துவிட்டாள் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டெல்வின் கறுத்து, தாடி வளர்ந்து, போட்டிலிருந்து குதித்து வந்தான். வந்தவன் கையில் ஒரு நெய்மீன், ஆறு கிலோ குறையாது. பங்குக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிற கறிமீன் அது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து அம்மாவின் கையில்தான் கொடுப்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே நீட்டினான். அக்கா யோசிக்கவே இல்லை. இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

"தொடாத! நெஞ்செலும்பு இன்னும் ஒட்டல்ல!"

கத்தியது நான்தான். நாற்பது நாள் காத்த ரகசியத்தைத் துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி நானே போட்டு உடைத்தேன்.

டெல்வின் மீனை ஏந்தியபடியே நின்றான். "என்ன நெஞ்செலும்பு?"

அக்கா சேலையைச் சற்று விலக்கி, தழும்பின் மேல்நுனியைக் காட்டினாள். "நீ போன எட்டாம் நாளு ஆபரேஷன் மக்கா. மூணு அடைப்பு. இப்ப ஒண்ணுமில்ல. ஆறு கெட்டு கெட்டியிருக்கு, நானே எண்ணிப் பாத்தேன்."

அவன் மீனைத் தரையில் வைத்தான். என்னைப் பார்த்தான். "விக்கப் போயிருக்கான்னு சொன்னிய சின்னம்ம." ஊரையே ஏசுகிற நான், குனிந்து அந்த மீனைத் தூக்கிக்கொண்டேன்.

"அவள ஒண்ணும் பேசாத. நான் சொன்னதத்தான் செய்தா," என்றாள் அக்கா. "நீ வரும்போ நான் நிக்கணும்ன்னு நினைச்சேன். அதுகொண்டுதான் எழும்பி நடந்தேன்."

"நீ செத்துப்போயிருந்தா?" என்று கேட்டான் அவன். "நான் இஞ்ச வந்து எதப் பாக்க?"

வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டவள் அவள். "அத நான் நினைக்கவே இல்ல மக்கா," என்றாள். அவள் குரல் அப்படிச் சிறுத்து நான் கேட்டதில்லை.

அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளை நெருங்கி வந்தான். வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். அவள் தோளையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தான். முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, அத்தனை பேர் நடுவில் கண்ணீர் தாடிக்குள் இறங்க நின்றுகொண்டு, "அம்ம, எங்க பிடிச்சா உனக்கு நோவாது?" என்று கேட்டான்.

அவள் கையை நீட்டினாள். "இதப் பிடி. இழுக்காத."

அவன் பிடித்துக்கொண்டான். அப்படியே இரண்டு பேரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். எப்படி வெட்டினார்கள், எந்தக் காலிலிருந்து எடுத்தார்கள், வலித்ததா என்று அவன் கேட்டுக்கொண்டே போனான். அவள் ஒவ்வொன்றாக, விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஆறு கிலோ நெய்மீனைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஆட்டோ வரை அவள் பேச்சு முறியவில்லை.